மாப்பிள்ளை வெடி

தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம், ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று எங்கள் தெருவுக்குள் வந்தது. காலையில் ஆறிலிருந்து ஏழு, இரவு ஏழிலிருந்து எட்டு. மற்ற நேரத்தில் பட்டாசு வெடித்தால் வழக்கு. வருஷா வருஷம் சொல்வதுதான், யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. அந்த வருஷம் நான் மட்டும் வாசலில் நின்று, ஆட்டோ முக்கு திரும்பும்வரை கேட்டேன்.

மகளுக்குத் தலை தீபாவளி. மாப்பிள்ளை கடலூர் செம்மண்டலத்திலிருந்து சிதம்பரத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அவருக்குத் துபாயில் வேலை கிடைத்திருந்தது. நல்ல வேலை. ரெண்டு வருஷத்துக்கு லீவு கிடையாது என்பதைக்கூட நான் பெருமையாகத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். போலீஸ் சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி. இந்த நேரம் பார்த்து அவர் பெயரில் ஒரு வழக்கு விழுந்தால் எல்லாம் போச்சு. வீட்டுக்குள் வந்து இதையே திரும்பத் திரும்பப் புலம்பிக்கொண்டிருந்தேன்.

"அவுருக்குக் கடலூர் ஸ்டேஷன், இது சிதம்பரம் ஸ்டேஷன். ஏன் இப்பிடி பயந்து சாவுறீங்க?" என்றாள் மனைவி.

"எல்லாம் கம்ப்யூட்டர்ல ஒண்ணுதான்டி" என்றேன். எனக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது. பயப்படுவதற்கு அதெல்லாம் தெரிந்திருக்க வேண்டுமா என்ன?

எங்கள் தெருவில் தலை தீபாவளி வீட்டு வாசலில் பெரிய சரவெடி ஒன்று வெடித்தாக வேண்டும். யார் பற்றவைத்தாலும் அதற்குப் பெயர் மாப்பிள்ளை வெடிதான். எவ்வளவு நேரம் வெடித்தது என்று பொங்கல் வரைக்கும் பேசுவார்கள். நானும் வாங்கி வைத்திருந்தேன். விடிவதற்குள் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுத்துணிக்கு மஞ்சள் வைத்து உடுத்தி, எல்லோரும் ஆறு மணிக்குத் தயார். அப்போதுதான் மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழைக்கு ஆட்டோக்காரன் சொன்னது எங்கே கேட்டிருக்கப் போகிறது? கொட்டித் தீர்த்துவிட்டு ஏழு தாண்டியதும் விட்டது.

"ரெண்டு நிமிஷ வேல மாமா, வெச்சுட்டு வந்துர்றேன்" என்று மாப்பிள்ளை எழுந்தார்.

"வேணாம் மாப்ள. ராத்திரி டைம்ல வெச்சுக்கலாம்."

அவர் முகம் சுண்டிவிட்டது. எனக்கும் சங்கடம்தான், ஆனால் அதைப் பார்த்தால் ஆகுமா? சரத்தை எடுத்து பீரோ மேல் வைத்துவிட்டு, அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து இட்லி சாப்பிட ஆரம்பித்தேன். மகள் மட்டும் பிறகு சாப்பிடுகிறேன் என்று எழுந்து போனாள்.

இரண்டாவது இட்லியில் கை வைத்திருப்பேன். வாசலில் படபடவென்று வெடித்தது.

ஓடிப்போய்ப் பார்த்தால், கையில் ஊதுபத்தியோடு மகள் நிற்கிறாள். நான் வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். சரம் அதற்கெல்லாம் நிற்குமா? தெரு முழுக்கப் புகையும் சிவப்புக் காகிதமுமாக ஆடி முடித்துத்தான் அடங்கியது. புகை கலைவதற்குள் முக்கிலிருந்து போலீஸ் பைக் வந்து நின்றது.

"மணி என்னா ஆவுது? யாரு வெச்சது?"

எதிர்வீட்டுக்காரர் பூரித்துப்போய், "நம்ம வூட்டு மாப்ள வெடி சார்!" என்றார். நல்ல மனுஷன். அந்த நிமிஷம் அவர் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது.

என் பின்னால் வந்து நின்ற மாப்பிள்ளையின் புது வேட்டியைப் போலீஸ்காரர் பார்த்தார். "பேர சொல்லுங்க தம்பி."

"நான்தான் சார் வெச்சேன்!" என்று குறுக்கே பாய்ந்தேன். "அவுரு சாப்ட்டுக்கிட்டு இருந்தாரு. கையப் பாருங்க, சட்னிகூட காயல."

போலீஸ்காரர் அந்தக் கையையும் என் வாளியையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் என் பெயரை எழுதிக்கொண்டு, மறுநாள் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிவிட்டுப் போனார். அப்பாடா என்றிருந்தது. தன் மேல் வழக்கு என்றதும் இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆள் ஊரில் வேறு யாரும் இருக்கமாட்டான்.

மாப்பிள்ளை கை கழுவப் போனதும் மகளை அடுக்களையில் பிடித்துக்கொண்டேன்.

"அறிவிருக்கா ஒனக்கு? அவுரு பேர எழுதியிருந்தா துபாய் அவ்ளோதான், தெரியுமா?"

ஊதுபத்தியை அவள் இன்னும் கீழே வைக்கவில்லை.

"தெரியும்ப்பா" என்றாள். "ரெண்டு வருஷம் லீவு கெடையாதுன்றதும் தெரியும்."