காலியாக இருந்த பதினோரு படிவங்கள்

நாற்பத்தாறு வயதில் பி.காம். சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் பக்கத்து இருக்கை மகேஸ்வரி. கொச்சியில் மட்டாஞ்சேரித் தெருக்களைக் கூட்டும் மாநகராட்சிப் பணியாளர். பட்டம் கிடைத்தால் கிளார்க் வேலைக்கு விண்ணப்பிக்கலாம் என்று காத்திருந்தார்.

இறுதியாண்டு புராஜெக்டுக்காக ஆளுக்கு இருபது மசாலாக் கடைகளில் கேள்விப் படிவம் நிரப்பி வர வேண்டும். மூன்று கடைகளில் விரட்டியதும் எனக்குச் சலித்துவிட்டது. வீட்டுக்கு வந்து, இல்லாத வியாபாரிகளை உண்டாக்கி, ஆளுக்கொரு கவலையும் கனவும் கொடுத்து, இருபதையும் நானே நிரப்பினேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

வாய்மொழித் தேர்வுக்கு இருவரையும் ஒன்றாக உட்கார வைத்தார்கள். பாலக்காட்டுத் தமிழ் பேசும் ஆசிரியை மகேஸ்வரியின் படிவங்களைப் புரட்டினார்.

"என்னம்மா, பதினொண்ணு காலியா இருக்கு? இவர் இருபதும் கொண்டுவந்திருக்காரே!"

"அவங்க பேசல டீச்சர். பேசாதவங்க சொன்னதா நான் எப்படி எழுதறது?"

"மார்க் போயிடுமே!"

"போகட்டும் டீச்சர். மறுபடி போய்க் கேக்கறேன். தினம் அந்தத் தெருவைத்தானே கூட்டறேன்."

குரலில் நடுக்கமே இல்லை. எதை இழக்கப்போகிறோம் என்று தெரிந்தேதான் சொன்னார். என் இருபது பேரும் என் மடியில் கனத்தார்கள்.

"டீச்சர், என்னோடது எல்லாமே நானா எழுதினது," என்றேன்.

மகேஸ்வரி திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டார். "இருபது பேரையுமா? அடிப்பொளி, அண்ணா!" என்றார், பிரமாதம் என்பதற்கான மலையாளச் சொல்லில்.

அவர் தேறினார், நான் தோற்றேன். மறுவாரம் புதுப் படிவங்களோடு மறுபடி கடைகளுக்குக் கிளம்பினேன். முதல் கடைக்காரர் கையை வீசி விரட்டினார். வெயிலில் நின்று, படிவத்தில் 'பேசவில்லை' என்று எழுதினேன். அதற்குமேல் ஒரு சொல்லும் சேர்க்கத் தோன்றவில்லை.