சத்தமில்லாம பத்து நிமிஷம்

"ஒரு பத்து நிமிஷம், ஒரே ஒரு பத்து நிமிஷம் என்னைய சத்தமில்லாம இருக்க விடுதியளா?"

இத ராஜேஸ்வரி ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்லுதான்னு எண்ணுனா கைவிரல் பத்தாது. குக்கர் விசிலுக்கு ஒருக்க. மக கோமதி பதினாறாம் வாய்ப்பாட்டக் கத்திப் படிச்சா ஒருக்க. பழைய இரும்பு வாங்குத வண்டிக்காரன் மைக்கைப் போட்டா ஒருக்க. புருஷன் சங்கரசுப்பு போன்ல பேசுனா ரெண்டு தடவை. அந்த மனுஷனுக்குப் போனே தேவையில்ல, இங்கன பேசுனா அடுத்த ஊரு கரிவலம்வந்தநல்லூர்ல நேராவே கேக்கும்.

சங்கரன்கோவில்ல மகாராஜன் அண்ணாச்சி தறிக்கூடத்த ஒட்டுன வாடகை வீடு. அடுப்படியில அரிசி டிரம், அது மேல ஒரு பலகை, பலகை மேல லேப்டாப். அதான் ராஜேஸ்வரி ஆபீஸ். சம்பளம் கிடையாது, லீவும் கிடையாது.

சங்கரசுப்பு விடிஞ்சா பூ மார்க்கெட்ல மல்லிப்பூ எடை போடுதாரு. கொடை, திருவிழா வந்தா கச்சேரியில பேட் வாசிக்காரு. ரப்பர் பலகை மாதிரி இருக்கும், குச்சியால தட்டுனா உள்ள பதிஞ்சு வச்ச தவிலு, உருமி, பம்பை எல்லாம் வெளிய வரும். அப்படிச் சத்தத்தப் பதிஞ்சு வைக்குத பெட்டிக்குத்தான் சாம்ப்ளர்னு பேரு. அவருகிட்ட ஒரு பழைய சாம்ப்ளர் உண்டு. ஆறு வருஷத்துக்கு முன்ன அதோட திரை செத்துப்போச்சு. சத்தம் வருது, ஆனா உள்ள இருக்குத ஃபைலை எந்தக் கம்ப்யூட்டரும் தொறக்க மாட்டேங்குது. கடைக்காரன், "தூக்கிப் போட்டுட்டு வேற வேலயப் பாருங்கண்ணே"ன்னுட்டான்.

ராஜேஸ்வரி பி.எஸ்சி கம்ப்யூட்டர் படிச்சவ. கல்யாணத்துக்கு அப்புறம் வேலைய விட்டவ. விட்டான்னு சொல்லக்கூடாது, விட வச்சாங்க. அவ அந்த ஃபைலை முருங்கைக்கீரை ஆயுத மாதிரி ஒவ்வொண்ணா ஆஞ்சா. இதுவரைக்கும் சத்தம், இது தொடங்குத இடம், இது திரும்பப் போயிச் சுத்துத இடம். அதப் படிக்கவும், புதுப் பேட்டுக்கு ஏத்தாப்புல திருப்பி எழுதவும் ஒரு லைப்ரரி எழுதுனா. லைப்ரரின்னதும் பொஸ்தகத்த நினைக்காதிய. வேற புரோகிராம் எழுதுதவங்க எடுத்து உள்ள சேத்துக்கிடுத மாதிரி தயாரா எழுதி வச்ச புரோகிராம் வரி, அதான் கோடு. மாவு இவ ஆட்டி வச்சிருவா, இட்லியோ தோசையோ அவங்கவங்க பாடு. "உருமி"ன்னு பேரு வச்சு நெட்டுல எல்லாருக்கும் சும்மாவே போட்டுட்டா. யாரும் தொறந்து பாக்கலாம், திருத்தலாம். திருத்த ஒருத்தனும் வரல. குத்தம் சொல்லத்தான் ஊரு உலகம் பூரா வாரானுவ.

சோதிச்சுப் பாக்கட்டும்னு, சங்கரசுப்பு வீட்டு முன்னறையில உக்காந்து சாம்ப்ளர்ல பதிஞ்ச உருமிச் சத்தத்தையும் கூடவே போட்டிருந்தா. வளைஞ்ச குச்சியத் தோலு மேல தேச்சா "ம்ம்ம்ம்"னு இழுக்கும்லா, அது. அங்கனதான் வந்துச்சு வம்பு.

போன ஜூலை கடைசியில யோனாஸ்னு ஒரு வெளிநாட்டுக்காரன் எழுதுனான். எங்க மியூசிக் புரோகிராமுக்குள்ள உன் லைப்ரரியச் சேக்கலாம்னு இருந்தோம், உருமிச் சத்தத்துக்குள்ள டிக் டிக்னு ஒரு கோளாறு இருக்கு, உன் கோடு ஃபைலைத் தப்பாப் படிக்குது, ஆகஸ்ட் இருபதுக்குள்ள சரி பண்ணலேன்னா வேற லைப்ரரிக்குப் போயிருவோம்னு. ஒரு வணக்கம் கிடையாது, ஒண்ணும் கிடையாது.

அதுல சேந்தா பைசா வராது. ஆனா அதுக்குள்ள உழைச்சவங்க பேரப் போடுத ஒரு பட்டியல் இருக்கு, அதுல "ராஜேஸ்வரி, சங்கரன்கோவில்"னு ஒரு வரி வரும். ரேஷன் கார்டு, கேஸ் புக்கு தவிர அவ பேரு வேற எங்கன இருக்கு? அதுக்குத்தான் அவ தவிச்சா.

ஹெட்போன மாட்டிக் கேட்டா. டிக்கும் இல்ல, டொக்கும் இல்ல. "எனக்குக் கேக்கலியே"ன்னு எழுதுனா. அவன் அந்தச் சத்தத்தோட அலையவே படமா வரைஞ்சு அனுப்பிட்டான். படத்துல சீப்புப் பல்லு மாதிரி, ஒரே இடைவெளியில, குத்துக்குத்தா நிக்குது. அந்தப் பழைய ஃபைலு துண்டு துண்டாத்தான் இருக்கும், இவ கோடுதான் ஒட்டும். ஒட்டுத இடத்துல நாந்தான் தப்புப் பண்ணிட்டேன்னு ராஜேஸ்வரி முடிவே கட்டிட்டா. பழைய சாம்ப்ளரப் போட்டுக் கேட்டா, அதுல நல்லாத்தான் கேட்டுச்சு. அப்ப பெட்டியில கோளாறு இல்ல, கோடுலதான்.

மூணு வாரம். ஒட்டுத கோட்ட நாலு தடவை பிரிச்சு நாலு தடவை எழுதுனா. புளி ஊத்துன குழம்புல மறுபடி புளி ஊத்துனா. யோனாஸ் ஒவ்வொரு தடவையும் ஒரே வரிதான்: "இன்னும் இருக்கு."

சங்கரசுப்பு வேற. "நல்லா இருந்த உருமிக்கு விக்கல் வர வச்சிட்டியேட்டி!"

"ஆமா, தண்ணி குடுத்துப் பாக்கேன். போங்க அங்கிட்டு."

"எனக்கும் சேத்து ஒரு செம்பு கொண்டா."

"நீங்க வாய மூடுனா எல்லாம் நிக்கும்."

பதினெட்டாம் தேதி பராமரிப்பு ஷட்டவுன். காலை ஒம்போதுல இருந்து ரெண்டு மணி வரைக்கும் கரண்டு கிடையாது. இன்னும் ரெண்டு நாளுதான் இருக்கு, இவனுவளுக்கு இன்னைக்குத்தானா கிடைச்சுதுன்னு வஞ்சுக்கிட்டே லேப்டாப்பத் தொறந்தா. பேட்டரி பாதிக்கு மேல இருந்துச்சு. ஹெட்போன மாட்டி உருமிச் சத்தத்தப் போட்டா.

டக்கடக். டக்கடக். டக்கடக்.

கழட்டுனா. வீடு அமைதியா இருக்கு. மாட்டுனா. டக்கடக் டக்கடக். மறுபடி கழட்டுனா, மாட்டுனா. பைத்தியம் பிடிச்சவ மாதிரி ஏழெட்டுத் தடவை. பொறவு எந்திரிச்சு வாசலுக்கு ஓடுனா. தறிக்கூடத்து வாசல்ல மகாராஜன் அண்ணாச்சி சட்டையில்லாம விசிறிக்கிட்டு நின்னாரு.

"அண்ணாச்சி! ஒங்க தறி என் கம்ப்யூட்டருக்குள்ள ஓடுது!"

"கரண்டே இல்லியே தாயி, எப்படி ஓடும்?"

"அதான் அண்ணாச்சி! கரண்டு இல்லாததாலதான் கேக்குது!"

அண்ணாச்சி அவளையும் பாத்தாரு, வெயிலையும் பாத்தாரு. "உள்ள போயி ஒரு மோரு குடிம்மா."

விஷயம் இம்புட்டுத்தான். சங்கரசுப்பு உருமியப் பதிஞ்சப்போ சுவத்துக்கு அந்தப் பக்கம் எட்டுத் தறி ஓடிக்கிட்டு இருந்திருக்கு. அதுவும் கூடவே உள்ள போயி உக்காந்துக்கிச்சு. ஈ பறந்தாக்கூட கத்துத ராஜேஸ்வரி, இங்கன குடிவந்து பதினோரு வருஷமா அந்த டக்கடக் பத்தி ஒரு வார்த்தை சொன்னதில்ல. அவளுக்கு அது சத்தமே இல்ல. உள்ள ஓடுத தறி வெளிய ராப்பகலா ஓடுத தறியில கரைஞ்சு போச்சு. பழைய சாம்ப்ளர்ல கேட்டப்போவும் அதே கதைதான்.

சந்தோஷப்பட்டிருக்கணும். அவளுக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. சரியா இருந்த கோட்டல்லா நாலு தடவை பிரிச்சுப் போட்டிருக்கா!

யோனாஸ்கிட்ட சொன்னா நம்புவானா? சுத்தமா ஒரு உருமியப் பதிஞ்சு அனுப்புனாத்தான் அவன் வாய் மூடும். தறி நிக்குத நேரம் ரெண்டு மணி வரைக்கும்தான். போனப் போட்டா.

"ஏங்க, உடனே வாங்க, உருமி வாசிக்கணும்."

"பூவு வந்து குவிஞ்சு கிடக்குட்டி! எடை யாரு போடுவா, ஒங்கப்பனா?"

"எங்கப்பா வந்தாலும் சரியா எடை போடுவாரு. நீங்க வாங்க."

சோதனைக்குப் பழைய சாம்ப்ளர் ஃபைலுதான் வேணும்; திரை செத்தாலும் பதியுத பட்டன் வேலை செய்யும், ஆனா கரண்டு இல்லாம ஓட ஆறு செல்லு வேணும். வீட்டு ரிமோட்ல ரெண்டு, கடியாரத்துல ஒண்ணு. அண்ணாச்சி வீட்டு ரிமோட்ல ரெண்டு, கடியாரத்துல ஒண்ணு. ரெண்டு வீட்டுலயும் மணி நின்னு போச்சு.

சங்கரசுப்பு வந்து சேர ஒண்ணேகாலு. சுவத்துல தொங்குன உருமிய எடுத்துத் தொடச்சு, தோல இறுக்கி உக்காரவே பத்து நிமிஷம். முதல் தடவை தேய்க்கயில பழைய இரும்பு வண்டி வந்துச்சு. ரெண்டாந் தடவை குக்கர் விசிலு, இவளே அடுப்புல பருப்ப வச்சிட்டு மறந்திருக்கா. மூணாந் தடவை முழுசா முடியப் போற நேரத்துல வாசல்ல நின்ன மகாராஜன் அண்ணாச்சி, "பிரமாதம் சுப்பு!"ன்னாரு.

"அண்ணாச்சி, ஒங்க தறிதான் எனக்கு எமன்னு நினைச்சேன், நீங்களும்தானா!"

அண்ணாச்சி துண்டால வாயப் பொத்திக்கிட்டாரு. நாலாந் தடவை, "ம்ம்ம்ம்"னு இழுத்துச்சு உருமி. ஒரு காக்காகூட கத்தல. ராஜேஸ்வரி மூச்சப் பிடிச்சு நின்னா. சங்கரசுப்பு குச்சிய எடுத்த ரெண்டாவது நிமிஷம் கரண்டு வந்து, தெரு பூரா தறி கிளம்பிருச்சு. ரெண்டு மணிக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்துச்சு. வரக்கூடாத அன்னைக்குத்தான் சொன்ன நேரத்துக்கு முந்தி வருவானுவ.

"அப்ப ஒங்கோடு தப்பில்லயாட்டி?"ன்னாரு சங்கரசுப்பு.

"இல்ல."

"முதல்லயே சொல்ல வேண்டியதான?"

ராஜேஸ்வரி பாத்த பார்வையில அவரு மார்க்கெட்டுக்குத் திரும்பப் போயிட்டாரு.

அன்னைக்குச் சாயங்காலமே பழைய கோட்டத் திரும்ப வச்சு, புது உருமியப் போட்டு, தறின்னா என்னங்கறதையும் பத்து வரி எழுதி அனுப்புனா. மறுநாள் பதிலு வந்துச்சு: "இப்ப சரி. புகாரை மூடியாச்சு." அம்புட்டுத்தான். மூணு வாரம் ஒருத்தியக் கிறுக்குப் பிடிச்ச கோட்டிக்காரியாக்கிட்டு, மன்னிச்சுக்கோன்னு ஒரு வார்த்தை இல்ல. லைப்ரரிய எடுத்துக்கிட்டானுவ. பட்டியல்ல கடைசியில இருந்து நாலாவது வரியில அவ பேரு இருக்கு. சங்கரன்கோவில விட்டுட்டானுவ. அதுக்கு ஒரு புகார் எழுதிப் போட்டிருக்கா. அது இன்னும் மூடல.

இப்ப அவ லைப்ரரி மேல முப்பத்திரெண்டு புகார் வரிசையில நிக்குது. அதுல பாதி, சொல்லிக்குடுத்த குறிப்புல மொத வரியிலயே பதிலு இருக்குத கேள்வி.

சங்கரன்கோவிலுக்கு வாரவங்க ஒரு எட்டுப் போயி அவளப் பாருங்க. பூ மார்க்கெட் தாண்டி மகாராஜன் அண்ணாச்சி தறிக்கூடம்னு கேளுங்க, ஒட்டுனாப்புல பச்சைக் கதவு. செல்போன் ரிப்பேருன்னு ஒண்ணையும் தூக்கிட்டுப் போயிராதிய. கோடு எழுதத் தெரிஞ்சா முப்பத்திரெண்டுல ஒண்ண எடுத்துப் பாத்துக் குடுங்க. தெரியலேன்னா பேசாம உக்காந்து வெங்காயம் உரிங்க, ஒரு பத்து நிமிஷம். நடுவுல குக்கர் விசிலடிச்சா நீங்க எந்திரிச்சு அடுப்ப அணைங்க, அவள எந்திரிக்க விடாதிய.