மெட்ராசிலிருந்து டொராண்டோவுக்கு எத்தனை மணி நேரம்

என் கையெழுத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன்.

தி. நகரில் விமான டிக்கெட் போடும் கடையில் நிற்கிறேன். திருநெல்வேலியிலிருந்து பதினாலு மணி நேரம் பஸ்ஸில் வந்ததில் கால் கடுக்கிறது. மனைவி வெளியே படியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். மகளின் தலைப்பிரசவத்துக்கு அவள் தனியாக டொராண்டோ போக வேண்டும். "இந்த பஸ்ஸில் உட்காருகிற நேரம்தான்" என்று நான் சொன்ன பிறகே சம்மதித்தாள்.

டிக்கெட்டில் அதிகாலை மூன்றுக்கு ஏறி, அதே தேதி மாலை ஐந்துக்கு இறங்குவதாகப் போட்டிருக்கிறது. அதை எண்ணித்தான் சொன்னேன். இருந்தாலும் கூச்சத்தோடு கேட்கிறேன். "பதினாலு மணி நேரந்தானே தம்பி?"

கடைக்காரர் சிரிக்கிறார். "இன்னா நைனா நீ! அந்த அஞ்சு மணி அவங்க ஊரு அஞ்சு மணி. அப்போ இங்க மறுநாள் காலைல மூணரை ஆயிடும். பதிமூவாயிரம் கிலோமீட்டர் கீது. லண்டன்ல வேற இறங்கி ஏறணும். மொத்தம் இருபத்திநாலரை!"

வெளியே வருகிறேன். சொல்ல வாய் வரவில்லை. மறைத்தால் நடுவானத்தில் தனியாக இருக்கும்போது தெரிந்துகொள்வாள். சொல்லிவிடுகிறேன்.

அவள் தேய்ப்பதை நிறுத்துகிறாள்.

"அப்ப சர்க்கரை மாத்திரையை இடுப்புலயே வச்சுக்கிடணும்லா? எத்தனை வேளைக்கு வேணும்னு அவர்ட்ட கேட்டுட்டு வாங்க. நீங்க எண்ணாதிய."

மறுபடியும் உள்ளே போகிறேன்.

அவளை ஏற்றிவிட்டு ஊர் திரும்பி எழுதியது, 1996 கார்த்திகை 20.