வண்டியில் இருக்கும் ஸ்பேனர்

எங்கள் தெருவில் அவருக்கு டாக்டர் என்று பெயர். ஊசி போடமாட்டார், வாஷிங் மெஷின் பார்ப்பார். மெஷின் வயிற்றில் காதை வைத்து, கண்ணை மூடி, நீளமாக ஒரு ‘ம்ம்ம்’ போடுவார். அதைக் கேட்டதுமே வீட்டுக்காரர்களுக்குப் பாதி உயிர் திரும்பிவிடும். பிறகு எழுந்து, “வண்டியில ஒரு ஸ்பேனர் இருக்கு, எடுத்துட்டு வந்துடறேன்” என்று வெளியே போவார். பத்து நிமிஷம். திரும்பி வந்த கையோடு கோளாறு பிடிபட்டுவிடும்.

அந்த ஸ்பேனரை யாரும் பார்த்ததில்லை. இருந்தால்தானே பார்ப்பதற்கு?

அந்தப் பத்து நிமிஷமும் அவர் மாடிப்படித் திருப்பத்தில் நின்று போனைத் தட்டிக்கொண்டிருப்பார். துவைக்கிற மெஷின்களுக்கென்றே இணையத்தில் ஒரு குழு இருக்கிறது. மெக்கானிக்குகள், சலவைக் கடைக்காரர்கள், உதிரி பாகம் விற்பவர்கள், மெஷின் வாங்கி மாட்டிக்கொண்ட குடும்பஸ்தர்கள் என்று பல ஊர்க்காரர்கள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தது கிடையாது. ஆனால் நள்ளிரவில் கேட்டாலும் பதில் சொல்ல யாராவது விழித்திருப்பார்கள். உதிரி பாகக்காரருக்கு அங்கேதான் பாதி வியாபாரம்.

நாலு வருஷத்துக்கு முன்னால், உள்ளே சர்க்யூட் போர்டு வைத்த மெஷின்கள் வீட்டுக்கு வீடு வந்து இறங்கியபோது, நம்ம டாக்டர் கடையை மூடிவிட்டு மச்சானின் பெயின்ட் கடையில் கல்லாவில் உட்காரலாமா என்று யோசித்தவர். அவரைக் காப்பாற்றியது இந்தக் குழுதான். முக்கியமாக ‘நுரை’ என்ற பெயரில் எழுதும் சலவைக் கடைக்காரர். டாக்டர் இதுவரை இருநூற்றுச் சொச்சம் கேள்வி கேட்டிருக்கிறார். மற்றவர்கள் கேட்டதற்கு அவர் சொன்ன பதில்? ஒன்றுகூட இல்லை. போட்டதெல்லாம் உள்ளே போகும், வெளியே எதுவும் வராது என்பதால் குழுவில் அவருக்கு ‘உண்டியல்’ என்று பட்டப்பெயர். அவரும் ரோஷப்படாமல் அதிலேயே காலம் தள்ளினார். உண்டியலுக்கு முகமா இருக்கிறது, வெட்கப்பட?

முகம் போன வாரம் வந்தது.

அடுத்த தெருவில் ஒரு டீச்சர், பள்ளியில் பூகோளம் நடத்துகிறவர். அவர் வீட்டு மெஷின் தண்ணீரை வெளியேற்றுகிறது, ஆனால் துணியைப் பிழிய மாட்டேன் என்கிறது. டாக்டர் போனார். காதை வைத்தார். ‘ம்ம்ம்’ போட்டார்.

“யாராவது கை வச்சாங்களா டீச்சர்?”

“இல்லண்ணே. நெட்டுல ஏதோ குரூப் எல்லாம் இருக்காமே, அதுல கேட்டுப் பார்க்கலாமான்னு நெனச்சேன்.”

“அய்யய்யோ! அதுல இருக்கிறவன் எல்லாம் வேலவெட்டி இல்லாதவன். போனைப் பார்த்து ரிப்பேர் பண்றவன் மெக்கானிக்கா?”

“அப்ப நீங்க எந்தக் குரூப்லயும் இல்லையா?”

“எனக்கு எதுக்கு டீச்சர்? காதை வச்சா மெஷினே சொல்லிடும்.”

மெஷின் அன்றைக்கு எதுவும் சொல்லவில்லை. பம்ப்பைக் கழற்றி மாட்டினார். கதவுப் பூட்டைச் சோதித்தார். ஊஹூம். பின்பக்கத்தைத் திறந்து ரகசியமாக ஒரு படம் எடுத்துக்கொண்டு, “வண்டியில ஒரு ஸ்பேனர் இருக்கு” என்று கிளம்பினார்.

படித் திருப்பத்தில் நின்று படத்தைக் குழுவில் போட்டார். அதே நொடியில் மேலே, டீச்சர் வீட்டுச் சமையலறையில், ‘டிங்’ என்று ஒரு சத்தம். அவர் கவனிக்கவில்லை.

‘வரைபடம்’ என்று ஒருவரிடமிருந்து முதல் பதில் வந்தது. “படத்தில் ஓரமாகத் தெரிகிற பச்சை வாளி எங்கே வாங்கினது? கைப்பிடி உடைந்து சிவப்புக் கயிறு கட்டின வாளி என் வீட்டிலும் ஒன்று இருக்கிறது.”

டாக்டர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பச்சை வாளி. சிவப்புக் கயிறு. காது மடல் இரண்டும் கொதித்தன. அதற்குள் நுரையின் பதிலும் வந்துவிட்டது. “அழுத்தத்தை அளக்கிற சுவிட்சுக்குப் போற மெல்லிசு ட்யூப் அடைச்சிருக்கும். உள்ள இன்னும் தண்ணி இருக்குன்னு மெஷின் ஏமாந்துபோய் நிக்குது. கழட்டி ஊது, உண்டியல்.”

அப்படியே இறங்கி ஓடிவிடலாம். ஆனால் டூல்ஸ் பை மேலே இருந்தது. ஏறினார். ஒரு படிக்கு ஒரு வயது கூடினது போல ஏறினார்.

“ஸ்பேனர் கெடச்சுதாண்ணே?”

டாக்டர் தன் கையைப் பார்த்தார். போன்தான் இருந்தது.

“பரீட்சை ஹால்ல பாத்ரூம் போறேன்னு கையத் தூக்கற பசங்கள இருபது வருஷமா பார்க்கறேன்” என்றார் டீச்சர். “மெஷின் வாங்கறதுக்கு முன்னாடி விசாரிக்கலாம்னு அந்தக் குரூப்ல சேர்ந்தேன். கறை போக்கறதுக்கு யாராவது வழி கேட்டா சொல்லுவேன். வேலவெட்டி இல்லாதவதானே.”

டாக்டர் குனிந்த தலை நிமிராமல் ட்யூபைக் கழற்றி ஊதினார். சோப்புக் கசடு உள்ளே நகர்ந்து வழிவிட்டது. மெஷின் ‘விர்ர்’ரென்று சுற்றியது. வாழ்க்கையில் முதல் முறையாக, சரியாகிவிட்ட மெஷினைப் பார்த்து அவருக்கு அழுகை வந்தது.

“யார்கிட்டயும் சொல்லிடாதீங்க டீச்சர்.”

“சொல்லல. ஆனா இதை நீங்க பார்க்கலையா?” டீச்சர் போனை நீட்டினார். இரண்டு நாளைக்கு முன்னால் ஒரு விடுதிக் காப்பாளர் போட்ட கேள்வி. அறுபது பிள்ளைகள் தங்கியிருக்கும் விடுதி. புது மெஷின் அறை முழுக்கக் குதித்துக் குதித்து நடக்கிறது, என்ன செய்வது?

அவர் பார்த்திருந்தார். விடையும் தெரியும். கம்பெனியிலிருந்து வரும் வழியில் டிரம் ஆடாமல் இருக்கப் பின்னால் முடுக்கி அனுப்பும் போல்ட்டுகளை யாரோ எடுக்க மறந்திருக்கிறார்கள். அன்றைக்குப் பார்த்துவிட்டுச் சிரித்தார், விரலால் தள்ளிவிட்டார். சும்மா சொல்லிக் கொடுத்தால் நாளைக்கு நம்மை யார் கூப்பிடுவார்கள் என்ற கணக்கு. அந்த விடுதி இருப்பது ஒரு ராத்திரி பஸ்ஸில் போகிற தூரத்தில். அங்கேயிருந்து எந்த ஜென்மத்தில் இவரைக் கூப்பிடப்போகிறார்கள்?

டீச்சர் வீட்டு ஸ்டூலில் உட்கார்ந்து, கட்டைவிரலால் தப்பும் தவறுமாக, “பின்னாடி நாலு போல்ட் இருக்கும், கழட்டுங்க” என்று எழுதினார். ஒரு நிமிஷத்தில் நுரை கேட்டார். “உண்டியலை ஒடச்சது யாருப்பா?” கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். சமையலறைப் பக்கம் சத்தமில்லை. டீச்சர் டிங்கை அணைத்து வைத்திருந்தார்.

வீட்டுக்கு வந்து, ட்யூபை ஊதிச் சரிசெய்ததை மட்டும் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். அதற்குள் மனைவி போனில் தன் தங்கச்சியிடம் அளந்துகொண்டிருந்தாள். “பம்ப் இல்ல, பூட்டு இல்ல, வெறும் வாயால ஊதியே சரி பண்ணிட்டாருடி உங்க மாமா!”

“நான் இல்ல” என்றார் இவர். “ஒருத்தர் சொன்னாரு.”

அவள் போனைப் பொத்திக்கொண்டாள். “உங்களுக்கே சொல்லித் தர்றதுக்கு ஆளா? யாருங்க அது?”

“நாலு வருஷமா அவர்தான் சொல்லித் தர்றாரு.”

“பேரு?”

டாக்டர் வாயைத் திறந்தார். நுரை என்றா சொல்வது? பேர், ஊர், குழந்தை குட்டி, ஒன்றும் கேட்டதில்லை. நன்றி என்றுகூட ஒரு நாள் எழுதினதில்லை. வாசல் பக்கம் போய், போனை எடுத்து, “உங்க பேர் என்னங்க?” என்று தட்டினார். அழித்தார். மறுபடி தட்டினார். இத்தனை வருஷத்தில் கேட்டதிலேயே இந்தக் கேள்வியை அனுப்பத்தான் அவருக்கு முழுசாகப் பத்து நிமிஷம் பிடித்தது.