டெக்வினின் விசிலுக்கு வந்த டிராகன்

மேல்வீட்டு ஹெலெத்தைப் பற்றிச் சொல்வதென்றால் அவள் நடையில்தான் தொடங்க வேண்டும். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டு, ஏற்றமானாலும் இறக்கமானாலும் ஒரே வேகத்தில் நடப்பாள். வயசான ஆட்டுக்காரன் நடக்கிற நடை அது. அவளுக்குப் பதினெட்டு முடிந்து கொஞ்ச நாள்தான். செம்பட்டை முடி, அதில் எப்போதும் ஒரு வைக்கோல் துரும்பு. வாயை அதிகம் திறக்கமாட்டாள். திறந்தால் எதிராளி வீட்டுக்குப் போன பிறகும் யோசித்துக்கொண்டிருப்பான்.

எங்கள் கும் கெரின் பள்ளத்தாக்கில் எல்லாரும் ஆடு வளர்க்கிறவர்கள். நான் மட்டும் குதிரைக்கு லாடம் அடிக்கிறவன், கூடவே டிராகனுக்கு நகம் வெட்டுகிறவன். ஆடு மேய வேண்டுமானால் மலையில் முட்புதர் மண்டக்கூடாது. மார்ச்சில் புதரை எரித்துவிட்டால் மே மாசம் இளம்புல் வரும். எரிப்பதற்குத்தான் டிராகன். தீப்பெட்டியை நம்பி மலையேறிய வெளியூர்க்காரன் ஒருவன் பாதிச் சரிவையும் தன் இரண்டு புருவத்தையும் பறிகொடுத்துவிட்டு இறங்கினான். டிராகனுக்கு எதைக் கொளுத்த வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும். ஆனால் தன் மலையில் மட்டும்தான் தெரியும்.

எங்கள் மலைகளில் வேலி கிடையாது. ஆட்டுக்குட்டி தாயின் பின்னால் திரிந்தே, இது நம் இடம், அது அடுத்தவன் இடம் என்று கற்றுக்கொள்ளும். டிராகன் குட்டியும் அப்படித்தான். மலை கற்ற டிராகனை யாரும் கட்டிப்போட வேண்டாம். கல்லாதது கால் போன பக்கம் போகும், எவன் வைக்கோல் போரையும் எரிக்கும். அதனால் ஒவ்வொரு குட்டியையும் அதன் நாலாவது கோடையில், ஆகஸ்ட் கண்காட்சியன்று, அடுத்த ஊர்க்காரர்கள் வந்து சோதிப்பார்கள். தன் மலை தெரிந்திருந்தால் காதில் பண்ணையின் வெட்டுக்குறி விழும். தெரியாவிட்டால் படகில் ஏற்றி மேற்கே கடல் பாறைக்கு அனுப்பிவிடுவார்கள். மலையில்லாத டிராகன்கள் அங்கே மீன் தின்று வாழும். பட்டினி கிடக்காது. ஆனால் போனது எதுவும் திரும்பி வந்ததில்லை.

ஹெலெத்தின் டிராகனுக்குத் தாய் இல்லை. முட்டையிட்ட கையோடு தாய் பனிச்சரிவில் சிக்கிச் செத்துப்போனது. ஹெலெத் அந்த முட்டையைக் கொண்டுவந்து சமையலறை அடுப்பின் கீழ்த்தட்டில் வைத்தாள். குளிரில் விறைத்த ஆட்டுக்குட்டிகளை வைக்கிற இடம் அது. அடுப்பைக் கூட்டவும் கூடாது, தணிக்கவும் கூடாது என்று காவல் இருந்தாள். அந்தக் கிறிஸ்துமஸுக்கு வாத்து பாதி வெந்ததும் வேகாததுமாக மேசைக்கு வந்ததை அவள் அம்மா டில்விஸ் இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள். பொரிந்து வந்தது கரிக்கட்டை மாதிரி இருந்தது. பர்தி என்று பெயர் வைத்தாள். எங்கள் பேச்சில் கரி என்று அர்த்தம்.

தாய் செய்ய வேண்டிய வேலையை அதன்பிறகு இவள் செய்தாள். இடிந்த சுவர், கரும்பாறை, ஓடை என்று மேல்வீட்டு மலையின் எல்லையைக் காலையும் மாலையும் சுற்றினாள். கையை முதுகில் கட்டிக்கொண்டு இவள் முன்னே, மூக்கில் புகையோடு அது பின்னே. ஒருநாள் நகம் வெட்டப் போனபோது கேட்டேன்.

"இன்னும் எத்தனை நாளைக்கு புள்ள இப்படிச் சுத்துவ?"

"அதுக்குத் தெரியுற வரைக்கும்."

"தெரிஞ்சிருச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது மாமா. அதான் சுத்துறேன்."

இவ்வளவு கருத்தாக வளர்த்தவள் ஒரு இடத்தில் தப்புப் பண்ணினாள். டிராகனைக் கூப்பிட ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு விசில் உண்டு. புதுக்குட்டிக்குப் புது மெட்டாகப் போட்டுக்கொள்ள வேண்டும். ஹெலெத்துக்கு மெட்டு என்பதே வராது. எங்கள் ஊரில் பாட்டு வராதவர் என்று யாரையும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் தேவாலயப் பாட்டுக் கூட்டத்தில் அவளை மட்டும் வாயசைத்தால் போதும் என்று ஓரமாக நிறுத்தியிருந்தார்கள். சின்ன வயசிலிருந்து கேட்டுக் கேட்டு அவள் மனசில் பதிந்த விசில் ஒன்றுதான். ஓடைக்கு அந்தப் பக்கத்து மலையில் டெக்வின் மோட் என்கிற தன் நாய்க்கு அடிக்கிற விசில். வா, இடப்பக்கம் சுற்று, வலப்பக்கம் சுற்று, படு. அதையே பர்திக்கும் பழக்கிவிட்டாள். மலைக்குப் பின்பக்கம் காற்றில் அடித்ததால் யார் காதுக்கும் எட்டவில்லை.

டெக்வின் தன் ஆடுகளை இறக்கும்போதெல்லாம் பர்தி ஓடைக்கரை வரை வந்து காதை நிமிர்த்தி நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். ஏதோ பாட்டுக் கேட்கிறது என்று நினைத்தேன்.

கண்காட்சி மைதானம் மேல்வீட்டு மலையின் அடிவாரத்தில், ஓடைக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. அன்றைக்கு மழை தூறலோடு நின்றுவிட்டது. காலையில் ஆடு மடக்கும் நாய்ப் போட்டி, சாப்பாட்டுக்குப் பிறகு டிராகன் சோதனை. சோதிக்க அடுத்த ஊரான லான்வெய்யிலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். அவர்களில் நெஸ்ட்டா என்கிற அம்மாளின் பேச்சுதான் எடுபடும். அவள் திராட்சை ரொட்டியைத் தேநீரில் முக்கிக்கொண்டிருந்தபோது டெக்வின் மோட்டை இறக்கினான். இடப்பக்கம் சுற்று என்று விசிலடித்தான்.

மோட் ஓடியது. மலை உச்சியிலிருந்து பர்தியும் வந்தது.

டிராக்டர் அளவு இருக்கிற உயிர் சத்தமில்லாமல் சறுக்கிக்கொண்டு இறங்கி, ஆடுகளை அழகாக இடப்பக்கம் சுற்றி வளைத்தது. ஒரு ஆட்டைக்கூடத் தொடவில்லை. கூடவே நடுவர்களையும், ஜாம் விற்றுக்கொண்டிருந்த பெண்களையும் வளைத்துக் கொண்டுவந்தது. டெக்வின் பயந்துபோய் படு என்று விசிலடித்தான். பர்தி நின்ற இடத்தில் படுத்தது. அது தேநீர்க் கூடாரம்.

ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கெட்டில்தான் போனது.

"யாருது இந்த டிராகன்?" என்று கேட்டாள் நெஸ்ட்டா.

"என்னோடது," என்றாள் ஹெலெத்.

"அப்புறம் ஏன் இவன் விசிலுக்கு வருது?"

டெக்வின் ஹெலெத்தைப் பார்த்தான். "என் விசிலயா திருடுன, கழுத? கேட்டிருந்தா நானே சொல்லிக் குடுத்திருப்பேனே."

"எனக்கு வேற எதுவும் தெரியாது மாமா."

சிரிப்பு எழுந்தது. நெஸ்ட்டா சிரிக்கவில்லை. "கண்டவன் கூப்பிட்டா வர்றதுக்கு மலை எது, வீடு எது? நாளைக்கு வழிப்போக்கன் ஒருத்தன் விசிலடிச்சா அவன் பின்னாடியே லான்வெய் வந்து நிக்கும். எங்க வைக்கோல் போர்ல." மற்ற இருவரும் தலையாட்டினார்கள். "படகுக்குச் சொல்லிருங்க."

டில்விஸ் மகள் தோளில் கை வைத்தாள். ஹெலெத் விடவில்லை, பேசினாள்.

"கூப்பிட்டா வரும். கூட்டிட்டுப் போனா போகாது."

"எத வச்சுச் சொல்ற?"

"டெக்வின் மாமாவ ஓடைக்கு அந்தப் பக்கம் நின்னு கூப்பிடச் சொல்லுங்க."

டெக்வின் தலையைச் சொறிந்தான். "வேண்டாம் கண்ணு. நான் கூப்பிட்டு, அது வந்து தொலைச்சுதுன்னா?"

"வந்தா படகுல ஏத்துறேன். ஒப்புக்கு அடிக்கக்கூடாது மாமா. மோட்டைக் கூப்பிடுற மாதிரி நெசமா கூப்பிடணும்."

ஓடை ஒன்றும் பெரிசில்லை. ஆடே தாண்டிவிடும். டெக்வின் பலகைப் பாலத்தைக் கடந்து போய் நின்று, வா என்று விசிலடித்தான். கூடாரத்தை உதறிவிட்டுப் பர்தி எழுந்தது. நேராகக் கரைக்குப் போனது. முன்னங்காலைத் தூக்கியது.

ஹெலெத் பார்க்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தூக்கின கால் அப்படியே நின்றது. பிறகு தூக்கின இடத்திலேயே இறங்கியது.

"இன்னொரு தடவ," என்றாள் நெஸ்ட்டா.

டெக்வின் கன்னம் வீங்க அடித்தான். மோட் ஓடிப்போய் அவன் காலடியில் உட்கார்ந்தது. பர்தி கரையில் அங்குமிங்கும் நடந்தது. புகை விட்டது. கடைசியில் தரையோடு படுத்து, கழுத்தை நீட்டி, தாடையை மட்டும் அந்தக் கரையில் வைத்துக்கொண்டு டெக்வினைப் பார்த்தது.

நெஸ்ட்டா குனிந்து பார்த்தாள். "தலை அந்தப் பக்கம் போயிருச்சே."

"கால் இங்கதான இருக்கு," என்றாள் ஹெலெத்.

நெஸ்ட்டா நாலு காலையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒரு நகம்கூடத் தண்ணீரில் படவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "லாடம் இவோர், கத்திய எடுத்துட்டு வாய்யா. நான் தலையப் பிடிக்கிறேன்," என்றாள். "பிடிச்சுக்கிட்டு இருக்கும்போது எவனாச்சும் விசிலடிச்சீங்க, அவன் காதுலயும் குறி வச்சிருவேன்."

மேல்வீட்டுக் குறி இடக்காதில் ஒரு கொக்கி வெட்டு. பர்திக்கு வலித்த மாதிரி தெரியவில்லை. ஹெலெத் அப்போதுதான் உட்கார்ந்தாள். டில்விஸ் அவள் தலையிலிருந்து துரும்பை எடுத்துப்போட்டாள்.

"வாத்து வேகாததுக்குக் கணக்கு சரியாப் போச்சும்மா," என்றாள் ஹெலெத்.

"அது தனி," என்றாள் டில்விஸ்.

அடுத்த மார்ச்சில் பர்தி முதல்முறையாகப் புதர் எரித்தது. இடிந்த சுவர் வரை தீ போனது, சுவரில் நின்றது. நெருப்பு நின்ற கோட்டை யாரோ நூல் பிடித்து அடித்த மாதிரி இருந்தது.

ஹெலெத் புது மெட்டு போடப் பார்த்தாள். கேட்ட நாலு பேரும் கையெடுத்துக் கும்பிட்டதால் விட்டுவிட்டாள். டெக்வினும் தன் விசிலை மாற்றவில்லை. வயசான நாயை எதற்குக் குழப்ப வேண்டும் என்கிறான். அவன் மோட்டைக் கூப்பிடும்போது பர்தி ஓடைக்கரைக்கு வந்து படுத்து, தாடையை அவன் பக்கம் வைத்துக்கொள்கிறது. அவன் பூட்ஸ் முனையால் அதன் தாடையைச் சொறிந்துவிடுகிறான். மேலே ஹெலெத் எல்லையைச் சுற்றி வருகிறாள். இனிமேல் சுற்ற அவசியமில்லை என்று அவளிடம் சொல்லிப் பார்த்தேன்.

"எனக்கும் பழகிருச்சு மாமா," என்றாள்.