பீப்பாயின் பிரார்த்தனை

எங்கள் பட்டாளத்தில் அவனைப் பீப்பாய் என்றுதான் கூப்பிடுவோம். ஆள் என்னவோ ஒல்லிதான். உள்ளே இறங்கும் சரக்கின் அளவைப் பார்த்து வைத்த பெயர். லாரி ஓட்டுநர். ஒருநாள் போதையில் மேஜரின் ஜீப்பை அணிவகுப்பு மேடைமேல் ஏற்றி நிறுத்திவிட்டு, மேஜருக்கே விறைப்பாக சல்யூட் அடித்து, "வண்டிய இங்க விடலாமா சார்?" என்று கேட்டான். சாவியைப் பிடுங்கிக்கொண்டு, பிரார்த்தனை அறையைப் பெருக்கும் வேலையைக் கொடுத்தார்கள்.

பீப்பாய்க்குக் கொண்டாட்டம். அந்த அறையை யார் சோதனை போடப்போகிறார்கள்? புத்தக அலமாரிக்குப் பின்னால் புட்டியை ஒளித்தான். பூட்ஸ் சத்தம் கேட்டால் சட்டென்று மண்டிபோட்டுக் கண்ணை மூடிக்கொள்வான். பக்கத்துக் கட்டில்காரனான எனக்கு மட்டுமே இந்தக் குட்டு தெரியும்.

ஆனால் மேஜர் தினமும் அங்கே வர ஆரம்பித்தார். வந்தால் அரைமணி நேரம் நகரமாட்டார். இவனும் எழுந்திருக்க முடியாது.

"எவ்வளவு நேரம்டா சும்மா கண்ண மூடிட்டு இருக்கறது? கடவுள்கிட்டயே பேச ஆரம்பிச்சிட்டேன்" என்றான் என்னிடம்.

"என்ன பேசுன?"

"இவர சீக்கிரம் கிளப்பி விடுங்கன்னு." சிரித்தான். "அப்புறம் என் பொண்டாட்டி பேச்சு வந்துச்சு. அதுக்கு மேல வாய் வரலடா."

அவன் குடி தாங்காமல் தாய்வீடு போய்விட்டவள் அவள். கடிதங்களைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

சில வாரம் கழித்து, புட்டியை எடுத்து மேஜரிடமே நீட்டினான். "நானே கெஞ்சினாலும் குடுக்காதீங்க சார்."

"இது இங்க இருக்கறது முதல் நாளே தெரியும்யா. நான் சாமி கும்பிடவா வந்தேன்? உனக்குக் காவல் இருந்தேன்."

மருத்துவ வார்டில் பத்து நாள் கை நடுங்கக் கிடந்தான். என்னையும் கடவுளையும் பாரபட்சமின்றித் திட்டினான். வெளியே வந்து இரண்டு முறை சறுக்கினான். மூன்றாம் முறை நின்றது. ஒரு வருடம் சொட்டுக்கூடத் தொடாததைப் பார்த்து, சாவியைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

அடுத்த மாதமே, நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்த கூடத்தின் வாசலில் நின்ற பெட்ரோல் டேங்கரின் முன்பக்கம் தீப்பிடித்தது. எல்லோரும் பின்வாசலுக்கு ஓடினோம். பீப்பாய் மட்டும் வண்டிக்குள் ஏறினான். எரிகிற வண்டியைக் காலி மைதானத்துக்கு ஓட்டினான். "பிரேக்க நான் பாத்துக்கறேன், மத்தத நீங்க பாத்துக்கங்க!" என்று அவன் மேலே பார்த்துக் கத்தியது, திரும்பிப் பார்த்த எனக்குக் கேட்டது. அவன் குதித்த பிறகுதான் வெடித்தது. எங்களில் ஒருவருக்கும் கீறல் இல்லை. அவனுடைய இடது கையில் இரண்டு விரல்தான் மிஞ்சியது.

செய்தி கேட்டு மனைவி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கட்டுகளைப் பார்த்துவிட்டு, முதலில் கேட்டது இதுதான்: "குடிச்சிட்டா ஏறுனீங்க?"

"ஊதவா?" என்றான்.

அவள் நிஜமாகவே குனிந்து மோந்து பார்த்தாள்.

"மருந்து வாடைதான்" என்று சொல்லிவிட்டு, அவன் தோளில் முகத்தைப் புதைத்து ஓவென்று அழுதாள்.