அக்கா நிறுத்திய மாத்திரை

உடல் எடையைக் குறைப்பதற்கான அறுவை சிகிச்சையில் என் அக்காவின் இரைப்பையை ஒரு வாழைப்பழ அளவுக்குச் சுருக்கினார்கள். அவளுடைய வாய் மட்டும் சுருங்கவில்லை. கலிஃபோர்னியாவின் சன்னிவேலில் நாங்கள் இருவரும் வசித்த அபார்ட்மெண்டில் ஒற்றை இட்லியை அரை மணி நேரம் மென்றபடியே உலகத்தைத் திருத்திக்கொண்டிருப்பாள்.

"பப்ளிக் ஹெல்த் படிச்சிருக்கியே, சாம்பார்ல சர்க்கரை போடறவங்கள உள்ள தள்ள ஒரு சட்டம் கொண்டுவாயேன்."

உடல் மெலிந்ததும் லிவர்மோர் கோவிலில் ஆன்ட்டிகள் ரகசியம் கேட்டார்கள். "வாக்கிங், ஆன்ட்டி" என்பாள். பார்க்கிங்கிலிருந்து சன்னதி வரை நடந்தது நடைதானே என்பது அவள் வாதம்.

அடுத்த ஆண்டின் இறுதியில் அந்த வாய் மூடிக்கொண்டது. பாதங்கள் மரத்துப்போகின்றன என்றாள். பழியைப் புதுச் செருப்பின் மீது போட்டாள். அலுவலக ஷட்டில் பஸ்ஸில் காரணமின்றி அழுததாக ஒருநாள் சொன்னாள். கோவிலிலிருந்து திரும்பும்போது, ஃப்ரீவேயிலிருந்து இறங்க வேண்டிய, பல ஆண்டுகளாகப் பழகிய எக்ஸிட்டைத் தவறவிட்டு, சாலையோரத்தில் காரை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கின் மீது தலை சாய்த்தாள்.

"எனக்கு மூளை மழுங்கிப்போச்சு. மண்டே மேனேஜருக்கு ராஜினாமா மெயில் அனுப்பிட்டு ஊருக்குக் கிளம்பறேன்."

அவளுடைய விசா அந்த வேலையோடு பிணைக்கப்பட்டிருந்தது. கிரீன் கார்டு வரிசையில் அவள் காத்திருந்த ஆண்டுகளும் அதனோடு போய்விடக்கூடும். ஆனால் இங்கேயே இருத்திவைத்து, அவள் மேலும் உடைந்துபோனால்? எதன் விளைவையும் எடை போட்டுப் பார்க்கும் பழக்கமுள்ள எனக்கு, அந்த வாரம் இரண்டு தட்டுகளும் சமமாகவே நின்றன. அவளுடைய சோர்வுக்கு அலுவலகத்தில் நடந்துகொண்டிருந்த ஆட்குறைப்புதான் காரணம் என்று எல்லோரையும் போல நானும் நம்பியிருந்தேன். மனநல ஆலோசகர் ஒருவரிடம் அவளுக்கு நேரம் வாங்கியிருந்தேன்; அவ்வளவே.

ஞாயிற்றுக்கிழமை மாலை, எதிர் வீட்டில் வசிக்கும் கீழக்கரை ஆன்ட்டி ஒரு கிண்ணத்தோடு வந்தார். நோன்பு மாதம். ரோஸ் நிறத்தில் துண்டு போட்ட கடல்பாசி இனிப்பு, கண்ணாடிபோலத் தளதளவென்றிருந்தது.

"பயப்படாம சாப்பிடும்மா. இதுல ஜெலட்டின் கெடையாது. எங்களுக்கும் அது ஆகாதுல்ல?"

அக்கா பல நாட்களுக்குப் பிறகு லேசாகச் சிரித்தாள். "உங்களுக்காவது புரியுது ஆன்ட்டி. டாக்டர் குடுத்த வைட்டமின் மாத்திரையிலயே அது இருந்துச்சு. மாட்டு எலும்பைக் காய்ச்சி எடுக்கறதாமே. லேபிளப் படிச்சதும் தூக்கிப் போட்டுட்டேன்."

"எப்போக்கா?" என்றேன்.

"ஆபரேஷன் முடிஞ்ச கொஞ்ச நாள்லயே."

"அப்போ இவ்வளவு நாளா என்ன சாப்பிட்ட?"

"முருங்கைக்கீரைப் பொடி. அதுல இல்லாத சத்தா?"

"அதுல பி டுவெல்வ் இல்லக்கா!"

ஆன்ட்டி இடுப்பில் கைவைத்துக்கொண்டார். "ஏம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? செடியில செஞ்ச மாத்திரை சான்டா கிளாரா கடையிலேயே கெடைக்குதே! பன்னிக்குப் பயந்து நாங்க, மாட்டுக்குப் பயந்து நீங்க. எல்லாரும் ஒரே ஷெல்ஃப் முன்னாடிதான் நின்னு பொடி எழுத்தப் படிக்கிறோம்."

அக்காவிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை அந்த மெயில் போகக் கூடாது.

"ஏற்கனவே பாதி ஆளா ஆயிட்டேன். மிச்சம் இருக்கற ரத்தத்தையும் எடுத்துக்கோ" என்றாள்.

முடிவு வந்தது. பி டுவெல்வ் அடிமட்டத்தில் இருந்தது. சுருங்கிய இரைப்பையால் அதை முன்போல் உணவிலிருந்து பிரித்தெடுக்க முடியாது. சைவ உணவுக்காரியான அவளுக்குக் கையிருப்பும் குறைவு. பாதம் மரப்பது, மறதி, மனச்சோர்வு ஆகிய மூன்றுக்கும் இது காரணமாக இருக்கக்கூடும் என்ற மருத்துவர் ஊசி எழுதிக்கொடுத்தார். ஆலோசகரைப் பார்ப்பதையும் நிறுத்த வேண்டாம் என்றார். வாழ்நாள் முழுதும் மாத்திரை எடுக்க வேண்டும் என்று மருத்துவமனையில் அவளிடம் பலமுறை சொல்லியிருந்தார்கள். அவள் எதையெல்லாம் உண்ணமாட்டாள் என்று மட்டும் எவரும் கேட்டிருக்கவில்லை.

சில வாரங்கள் எதுவும் மாறவில்லை. பிறகு ஒரு காலை, காபியில் தண்ணீர் அதிகம் என்று என்னோடு சண்டைக்கு வந்தாள். அந்தச் சண்டையில் நான் மகிழ்ச்சியோடு தோற்றேன்.

அடுத்த முறை லிவர்மோருக்கு அவளே கார் ஓட்டினாள். வழக்கமான ஆன்ட்டி வழக்கமான கேள்வியைக் கேட்டார். "ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன், ஆன்ட்டி" என்று அக்கா தொடங்கினாள். "அது இருக்கட்டும், நீங்க சுத்த சைவமாச்சே, கடைசியா எப்போ பி டுவெல்வ் செக் பண்ணீங்க?" நான் வாங்கி வந்த புளியோதரை ஆறும்வரை அந்த ஆன்ட்டிக்கு விடுதலை கிடைக்கவில்லை.

திரும்பும் வழியில், "அந்த மெயில் என்னாச்சுக்கா?" என்றேன்.

"டெலீட் பண்ணிட்டேன். ஊருக்குப் போகத்தான் போறேன், ஆனா லீவு போட்டு. நீ வாய மூடிட்டு வா, எக்ஸிட் வருது."

பாதம் இன்னும் சற்று மரத்துத்தான் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே, சரியான இடத்தில் வலப்பக்கம் ஒதுங்கினாள்.